பதினாலாம் நம்பர் சுவிட்ச்

"இதுல ஏதோ சூது இருக்கு," என்றாள் கோரின்.

அறுபத்திரண்டு பக்க அறிக்கை சாப்பாட்டு மேஜை முழுக்கப் பரப்பிக் கிடந்தது. அவர்கள் வாங்கப்போகும் வீட்டை அலசிப் பார்த்து, வீடுகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் அனுப்பியது. முதல் முறை வீடு வாங்குகிறவளுக்கு அதிலிருந்த ஒவ்வொரு சிவப்பு வரியும் பயமுறுத்தியது. கூரையில் ஓடு தளர்ந்திருக்கிறது, நிபுணரைக் கேட்கவும். குழாயில் துரு, நிபுணரைக் கேட்கவும். கதவு கிரீச்சிட்டாலும் நிபுணரைத்தான் கேட்க வேண்டுமாம்.

"நாளைக்கு நாம கேஸ் போட்டுடக் கூடாதுன்னு எல்லாத்துக்கும் அப்படித்தான் எழுதுவாங்க," என்றான் கணவன் வேட். "டொலிடோவுல எழுபது வருஷத்து வீடு வேற எப்படி இருக்கும்?"

"அது சரி. நாப்பத்தோராம் பக்கத்தைப் பாத்தியா?"

பேஸ்மென்ட்டில் உள்ள மின்பெட்டியைப் பற்றிய பக்கம் அது. இருபத்துநாலு சுவிட்சுகள். அடுப்பு, ஹீட்டர், சலவை மெஷின் என்று இருபத்து மூன்றுக்கும் அழகாகப் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. பதினாலாவதற்கு மட்டும் இல்லை. 'எங்கே போகிறது என்று தெரியவில்லை' என்று ஒரு வரியில் முடித்திருந்தார் இன்ஸ்பெக்டர்.

போன் போட்டுக் கேட்டதற்கு, ஆள் குடியிருக்கிற வீட்டில் எதையும் அணைத்துப் பார்ப்பது வழக்கமில்லை என்றார். அவரைச் சிபாரிசு செய்தது வீட்டுத் தரகர். வீடு கைமாறினால்தான் தரகருக்குக் கமிஷன். எல்லோரும் கூட்டுக் களவாணிகள் என்று கோரின் முடிவே கட்டிவிட்டாள்.

அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்றும் அவளை அரித்துக்கொண்டிருந்தது. இவர்களைவிட அதிகம் தருவதாக இரண்டு பேர் வந்தும், வீட்டுக்காரி வெர்னா இவர்களுக்குத்தான் தருவேன் என்று பிடிவாதமாக இருந்தாள்.

"அதிகமா தர்றவனை விட்டுட்டு நமக்கு எதுக்குத் தரணும்?"

"நீ எழுதின கடிதம் பிடிச்சிருக்கும்."

கோரினுக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்காரரின் மனசு இளக ஒரு கடிதம் எழுதிப் போடுவது அமெரிக்காவில் வீடு வாங்கும் எல்லோரும் செய்வதுதான். இணையத்தில் கிடைத்த மாதிரிக் கடிதங்களில் உருக்கமானதாக ஒன்றை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தாள். அதையெல்லாம் யார் உட்கார்ந்து படிக்கப் போகிறார்கள்?

மேல் வீட்டில் யாரோ தடதடவென்று நடந்தார்கள். அந்தச் சத்தம் பொறுக்காமல்தான் சொந்த வீடு தேட ஆரம்பித்ததே. ஆறு வருடமாகியும் அங்கே இருப்பது ஆணா பெண்ணா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

அன்று மாலை ஐந்து மணிதான் கெடு. அதற்குள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் கட்டிய முன்பணம் திரும்பும். அதற்குப் பிறகு எட்டு வருடச் சேமிப்பு அம்போதான்.

மூன்று மணிக்கு அறிக்கையும் கையுமாக வெர்னாவின் வாசலில் நின்றாள் கோரின்.

மின்பெட்டியைப் பார்க்க வேண்டும் என்றதும் வெர்னாவின் முகம் மாறிவிட்டது. எழுபதைத் தாண்டியவள், முட்டிவலியோடு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே பேஸ்மென்ட்டுக்கு இறங்கி வந்தாள்.

"இந்தப் பதினாலு எங்க போகுது?"

"அது கிடக்கட்டும்மா. காபி போடறேன், மேல வா. உக்காந்து சொல்றேன்."

காபி கொடுத்து மழுப்பப் பார்க்கிறாள் என்று கோரினுக்குச் சுருக்கென்றது. சட்டென்று கை நீட்டிச் சுவிட்சை அணைத்தாள்.

விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மேலே ஃப்ரிட்ஜ் சத்தம் நிற்கவில்லை. இந்த வீட்டில் எதுவுமே அணையவில்லை. ஆனால் பேஸ்மென்ட் ஜன்னல் வழியாக, பக்கத்து வீட்டிலிருந்து பீப் பீப் என்று விடாமல் ஒரு சத்தம் கேட்டது.

"போடும்மா. முதல்ல அதைப் போடு," என்றாள் வெர்னா.

கோரின் போட்டாள். பீப் சத்தம் நின்றது. அதன் பிறகுதான் வெர்னாவுக்கு மூச்சு வந்தது.

"பக்கத்து வீட்டு டெல்மருக்கு நுரையீரல் போச்சு. எந்நேரமும் ஆக்சிஜன் மெஷின்தான். அவர் வீட்டு வயரிங் அரதப் பழசு, மெஷினைப் போட்டாலே மொத்தக் கரண்டும் கட் ஆயிடுது. என் வீட்டுக்காரர் சாகறதுக்கு முன்னாடி இங்கேருந்து ஒரு லைன் இழுத்துக் குடுத்தாரு."

"இதை மறைச்சா விக்கப் பாத்தீங்க?"

"உன்கிட்ட மறைப்பேனா? கையெழுத்துக்கு முன்னாடி நேர்ல சொல்லத்தான் இருந்தேன். பேர் எழுதி ஒட்டினா வர்றவன் போறவன்லாம் கழட்டுன்னு சொல்வான்." வெர்னா படியில் உட்கார்ந்துகொண்டாள். "அதிகமா தர்றேன்னு வந்தாங்களே ரெண்டு பேர், அவங்க கடிதத்துல வீடு மட்டும்தான் இருந்துச்சு. சமையலறை அழகு, தோட்டம் அழகுன்னு. உன் கடிதத்துலதான் மனுஷங்க இருந்தாங்க. டெல்மரைக் கைவிடற ஆள் நீ இல்லைன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்."

கோரின் கையிலிருந்த அறிக்கையைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். அறுபத்திரண்டு பக்கத்தில் வெர்னாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தன்னைப் பற்றியும் இல்லை. வெட்கமாக இருந்தது.

வெர்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுதான் எனக்குக் கவலை. உங்க மேல் வீட்டுல தனியா இருக்கிற வயசான அம்மாவுக்கு வாராவாரம் நீதான் காய்கறி வாங்கித் தர்றதா எழுதியிருந்தியே. நீ இங்க வந்துட்டா, அந்த அம்மாவை யாரும்மா பாத்துப்பாங்க?"