பதிவாகாத பெட்டி

எந்த நாட்டில் சரக்கு எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று தரவரிசை போடுகிறவர்கள் வருடா வருடம் அனுப்பும் கேள்வித்தாள் அது. விமான நிலையச் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து மீட்டுத் தரும் அலுவலகத்தின் குமாஸ்தா, கடைசிக் கேள்வியில் நின்றான்.

'சரக்கு வெளியே வர எத்தனை நாள் ஆகிறது?'

"ஒரு நாள்னு போடு," என்றார் முதலாளி.

"பத்து நாளா ஒண்ணு கிடக்குதே, சார்."

"சுங்கத்துல பதிவாச்சா?"

"இல்ல. ஏதோ ஒரு முத்திரை குறையுதுன்னு தாளைத் திருப்பித் திருப்பி அனுப்புறாங்க."

"பதிவான நேரத்துல இருந்துதான் கணக்கு. பதிவாகலைன்னா வரவே இல்லைன்னு அர்த்தம். இப்படி எழுதித்தானே போன வருஷம் நம்ம நாடு எட்டு இடம் மேல போச்சு? இந்த வழியை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான்."

அவன் 'ஒன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

கைப்பேசி அடித்தது. அம்மா.

"தம்பி வந்துட்டானாடா? சொந்தக்காரங்க எல்லாம் இன்னும் இங்கேயேதான் இருக்காங்க."

"இன்னும் வரலம்மா."

"விமானத்துல ஏத்தியாச்சுன்னு அன்னிக்கே சொன்னாங்களே?"

"வரலம்மா."

பேச்சை முடித்துக்கொண்டு பின்னால் இருந்த கிடங்குக்கு நடந்தான். குளிர் அறையின் மூலையில், பத்து நாளாக வைத்த இடத்திலேயே இருந்தது அந்தச் சவப்பெட்டி. மேலே ஒட்டிய சீட்டில் 'பெறுபவர்' என்ற இடத்தில் அவன் பெயர். 'பொருள்' என்ற இடத்தில் தம்பியின் பெயர்.