கல்முனைக்கு ஒரு ஹயர்

1984 டிசம்பர் மழையில் காலை பஸ் வரவில்லை. வரிப்பத்தான்சேனைச் சந்தியில் நின்ற உதுமாலெவ்வையின் வாடகைக் காரில் ஸகியா ஓடிவந்து ஏறினாள். கையில் பரீட்சை அனுமதி அட்டை.

“கல்முனைப் பள்ளிக்கூடத்துக்குப் போகணும், காக்கா. கணக்குச் சோதினை. ஒம்பதுக்குக் கதவைச் சாத்திடுவாங்க,” என்று அண்ணன் முறை வைத்து அவரிடம் சொன்னாள்.

“பிள்ள அட்டைய மறந்து வெச்சிட்டுப் போனதா, தங்கச்சி? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பின்னால உம்மாமார்தான் ஓடணும்.”

ஸகியா வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

“படிப்பு எப்பிடி?”

“கணக்கில ரெண்டு தரம் தப்பிப்போச்சு. இது மூணாந்தரம்.”

“மூணாந்தரமா? பேசாம வயலுக்கு அனுப்புங்க!”

“வயல் வேலையும் நடக்குது. பகலெல்லாம் புல்லுப் புடுங்கிப்போட்டு, ராவைக்குத்தான் படிப்பு.”

உதுமாலெவ்வையின் குரல் இறங்கியது. “அப்ப கெட்டிக்காரப் பிள்ளதான். ஏசாதீங்க.”

வெள்ளம் மூடிய வீதியில் காரைத் துணிந்து விட்டார். பள்ளிக்கூட வாசலுக்கு வந்தபோது ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

“நனையாதீங்க. அட்டையத் தாங்க, நான் ஓடிப்போய்க் குடுக்கன். பிள்ளைட பேரென்ன?”

“என்ட அட்டைதான், காக்கா. கலியாணம் முடிக்கிறதுக்காகப் பதினாலு வயசில படிப்பை நிப்பாட்டினாங்க. இப்ப முப்பத்தஞ்சு.”

அவள் இறங்கி, மாணவிகளோடு உள்ளே ஓடினாள்.

உதுமாலெவ்வை அடுத்த ஹயர் சவாரிக்குப் போகவில்லை. வாசலில் காத்திருந்த தகப்பன்மாரோடு அவரும் நின்றார்.

“உங்கட மகளா எழுதுறா?” என்று ஒருவர் கேட்டார்.

“மகள் இல்ல,” என்றார் உதுமாலெவ்வை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. “என்ட தங்கச்சி. வயசு முப்பத்தஞ்சு.”