பீரோவைத் தள்ளச் சொன்னவள்

“கல்லு எடுத்து ஆறு நாள்கூட ஆகாத மனுஷனைப் போய் பீரோவைத் தள்ளச் சொல்லியிருக்கியே, உனக்கெல்லாம் நெஞ்சுல ஈரமே கிடையாதா?”

நாத்தனாரின் குரல் மாடிப்படி வழியாக மூன்று தளங்களுக்கும் இறங்கியது. எந்த வீட்டிலும் டிவி ஓடவில்லை. துக்க வீட்டுக்குக் கொடுக்கும் மரியாதை என்றார்கள். டிவி ஓடினால் வார்த்தைகள் சரியாகக் காதில் விழாது என்பது வேறு விஷயம்.

“ஆமா அண்ணி, நான்தான் சொன்னேன்” என்றாள் தம்பி மனைவி. மூன்று வாரமாக இதே கேள்வி, இதே பதில்.

தம்பி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். சிறுநீரகத்தில் கல். முதுகில் சின்னதாய் ஒரு துளை போட்டு, பொடித்து எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாளே வீட்டுக்குப் படியேறி வந்து, “பல்லு பிடுங்குறதைவிட சுலபம்” என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். நான்காம் நாள் மனைவி தபால் ஆபீஸ் வேலைக்குக் கிளம்பியதும் கட்டடமே மூக்கின்மேல் விரல் வைத்தது. தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்து, அவனுக்காகக் கல்யாணமே வேண்டாம் என்றிருந்த அக்கா தினமும் பகலில் துணைக்கு வந்தாளோ, பிழைத்தாரோ!

பிழைக்கவில்லை. ஆறாம் நாள் சாயங்காலம் விலாவைப் பிடித்துக்கொண்டு, உடம்பெல்லாம் வியர்த்துச் சுருண்டு விழுந்தார். சிறுநீரகத்தைச் சுற்றி ரத்தம் கசிந்து கட்டியிருந்தது. நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றியும், கசிவை அடைக்கப் பார்த்தும் பலனில்லை. மறுநாள் மத்தியானம் போய்விட்டார்.

எப்படி ஆச்சு என்று ஊரே கேட்டபோது மனைவி தானாகவே சொன்னாள், “காலையில அண்ணி வர்றதுக்கு முன்னாடி பீரோவைத் தள்ளச் சொன்னேன்” என்று.

“இனி உன் மூஞ்சியில முழிக்கமாட்டேன்!” பையைத் தூக்கிக்கொண்டு நாத்தனார் இறங்கினாள். வாசலில் ஆட்டோவுக்காக நின்றாள்.

அதுதான் சமயமென்று கீழ் வீட்டு டெய்லரம்மா மேலே ஏறினாள்.

“ஏம்மா, உங்க வீடு என் தலைக்கு மேல. ஒரு கரண்டி விழுந்தாலும் எந்த ரூம்னு சொல்லிடுவேன். எனக்கும் பொழுது போகணுமே! அந்த பீரோ இந்த வருஷம் பூரா ஒரு இஞ்ச் நகரலை. யாரை ஏமாத்துறே?”

அவள் டெய்லரம்மாவை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

படிக்கட்டில் கூடியிருந்தவர்களுக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்து வெளியே வந்த டெய்லரம்மாவின் முகம் வெளிறியிருந்தது. “என்னக்கா சொன்னா? சொல்லுக்கா!” யாருக்கும் பதில் சொல்லாமல் இறங்கினாள். அதுவே அதிசயம்.

வாசலில் நாத்தனார் வழிமறித்தாள். “நீங்க கீழேதானே இருக்கீங்க? அன்னிக்கு பீரோ தள்ளின சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சும்மா. கரகரன்னு. என் ரெண்டு காதாலயும் கேட்டேன்.”

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். அது தெரு திரும்பும்வரை டெய்லரம்மா நின்று பார்த்தாள்.

சாத்திய கதவுக்குப் பின்னால் அந்தப் பெண் சொன்னது இதுதான்: “இதயத்துக்காக அவர் போடுற மாத்திரை ரத்தத்தை உறைய விடாது, பத்து நாளைக்குத் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தார்க்கா. ‘கல்லு டாக்டருக்கு இதயத்தைப் பத்தி என்ன தெரியும்’னு அண்ணி பயந்துபோய், நான் வேலைக்குப் போனதும் தினம் ஒண்ணு கொடுத்திருக்காங்க. ஸ்ட்ரெச்சர்ல போறப்போ இவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘தெரிஞ்சா அக்கா உயிரையே விட்டுடுவா, பழியை நீ ஏத்துக்குவியா’ன்னு கேட்டார்.”