உள்ளங்கைச் சூடு

ஆய்வுக்காக ஒரே உப்பளத்துத் தண்ணீரைத்தான் இருவரும் அள்ளி வந்தார்கள். சுகிர்தா அப்படியே உறைய வைத்தாள். பனி ஊசிகள் குத்தி அதிலிருந்த நுண்ணுயிர்கள் கிழிந்தன. மரபணுத்தொகுதி துணுக்குகளாகத்தான் கிடைத்தது. ஹேமா பனி குத்தாமலிருக்க கிளிசரின் கலந்து உறைய வைத்தாள். அவளுக்கு ஒற்றை உயிரணுவிலிருந்தே மரபணுத்தொகுதி ஏறக்குறைய முழுசாக வந்தது.

இன்று பக்கத்து அறையிலிருந்து ஹேமா குரல் கொடுத்தாள். "என்னோட உப்பளத் தண்ணியில கடைசிக் குப்பி அதுடி. சட்டுனு புது ஃப்ரீசருக்கு மாத்திடு. உருகித் திரும்ப உறைஞ்சா உன்னோடது மாதிரி கந்தலாயிடும்." கூடவே சிரிப்பும் வந்தது.

சுகிர்தா பழைய ஃப்ரீசரிலிருந்து குப்பியை எடுத்தாள். சுண்டுவிரல் அளவுகூட இல்லை. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். முதலில் சுட்டது, பிறகு மெல்லப் பழகியது.

"வச்சிட்டியா?"

"பத்திரமா இருக்குடி."

மூடிய கைக்குள், குப்பியின் சுவரை விட்டு உருகிக் கழன்ற பனிக்கட்டி ஒருமுறை புரண்டது.