இரண்டு புள்ளி குறைகிறது

கதைக்குள் நுழையுமுன் மூன்று செய்திகளை அறிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று: மருத்துவர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தம் பதிவைப் புதுப்பித்தாக வேண்டும், அதற்குப் பயிற்சி வகுப்புகளில் அமர்ந்து முப்பது புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும். இரண்டு: தேவதானப்பட்டி டாக்டர் பெனடிக்டிடம் இருபத்தெட்டே இருந்தன. செவ்வாய்க்கிழமையோடு கெடு முடிகிறது. அதன்பின் அவர் காய்ச்சல் மாத்திரைக்குக்கூடச் சீட்டு எழுத முடியாது. மூன்று: ஞாயிறன்று தேனியில் நடந்த கடைசி வகுப்புக்குக் கண்காணிப்பாளராக வந்தவர் டாக்டர் ஹேமாவதி.

மூன்றாவது செய்திதான் மருத்துவர்களைக் கலங்கடித்தது. ஒரு வகுப்புக்கு நான்கு முறை இட வேண்டிய கையெழுத்தைக் காலையிலேயே சேர்த்துப் போட்டுவிட்டு நழுவுவது சிலருக்குப் பழக்கம். ஹேமாவதியோ வருகைத் தாளை யாரிடமும் கொடுக்காமல், தாமே ஏந்திக்கொண்டு ஒவ்வொரு நாற்காலியாக வந்தார்.

மூன்றாம் வரிசையில் நின்றார்.

"டாக்டர் பெனடிக்ட்?"

பெனடிக்டின் பெயரட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தவர் எழுந்து கும்பிட்டார். அந்த அரங்கில் அன்று கும்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

"நீங்கள் டாக்டரா?"

"இல்லைங்கம்மா. அவுக கம்பவுண்டர், பால்பாண்டி."

"டாக்டர் எங்கே?"

"கெளம்புற நேரத்துல, மாந்தோப்புல மருந்தடிச்ச அம்மாவாசியத் தூக்கிட்டு வந்துட்டாக. வாயெல்லாம் நுரை. 'நீ போயி எடத்தப் பிடிச்சு வையி, பின்னாலயே வாரேன்'னு டாக்டரு சொன்னாக."

"இடம் பிடித்து வைக்க இதென்ன பஸ்ஸா?"

"அதேதாங்கம்மா. நான் சீட்டுல போட்ட துண்டு. ஆளு வந்ததும் எந்திரிச்சுருவேன்."

அரங்கம் சிரித்தது. ஹேமாவதி சிரிக்கவில்லை.

அடுத்த நாற்காலியில் இருந்த வடுகபட்டி டாக்டர் சுருளிராஜனுக்குப் பொறுக்கவில்லை.

"மேடம், இன்னைக்குப் பாடம் என்ன?"

"பூச்சிமருந்து நச்சுக்கு முதல் சிகிச்சை."

"அதத்தான் அவரு அங்கன செஞ்சுக்கிட்டு இருக்காரு. நாங்க இங்கன படத்துல பாத்துக்கிட்டு இருக்கோம். யாருக்குப் புள்ளி?"

"விதிப்படி, நாற்காலியில் இருப்பவருக்கு."

"அப்பப் பால்பாண்டிக்குக் குடுங்க."

ஹேமாவதி சிவப்புப் பேனாவைத் திறந்து, பெனடிக்டின் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதினார். பிறகு பெயரட்டைக்காகக் கையை நீட்டினார்.

"நீங்கள் போகலாம்."

"சாப்பாட்டு டோக்கன் ஒண்ணு இருக்குங்கம்மா."

"அதுவும் டாக்டருக்குத்தான்."

பால்பாண்டி டோக்கனையும் கொடுத்துவிட்டு வெளியேறினார்.

"இந்தம்மாவுக்கு நாடி பிடிச்சுப் பாத்தா விதி எண்ணுதான் துடிக்கும்," என்றார் சுருளிராஜன், பின்வரிசைக்கும் கேட்கும்படி.

மாலை மூன்றரைக்குப் பெனடிக்ட் வந்தார். சட்டையில் நோயாளி எடுத்த வாந்தியின் கறை இருந்தது.

"ஆம்புலன்ஸ்ல அவங்கூடவே பெரியாஸ்பத்திரிக்கு வந்தேன், மேடம். இப்பத்தான் கண்ண முழிச்சான்."

"வகுப்பு நான்கு மணிக்கு முடிகிறது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு புள்ளி. அரை மணி நேரத்துக்குக் கிடையாது."

"முப்பத்தொரு வருசமா அந்த ஊருல, நான் டாக்டரான்னு ஒருத்தருக்கும் சந்தேகம் வரல. உங்க கம்ப்யூட்டருக்குத்தான் அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா வருது."

"எனக்குச் சந்தேகமில்லை. விதிக்கு இருக்கிறது."

"செவ்வாய்க்குள்ள வேற வகுப்பு உண்டா?"

"எந்த ஊரிலும் இல்லை. பார்த்துவிட்டேன்."

"அப்பப் புதன்கிழமை வர்ற நோயாளிகிட்ட என்ன சொல்லட்டும்?"

ஹேமாவதி பேனாவை எடுத்தார்.

"உங்கள் கிளினிக் எத்தனை மணிக்குத் திறக்கும்?"

"எட்டு மணிக்கு. எதுக்கு, பூட்டுப் போட வாரீகளா?"

'எட்டு' என்று அவர் குறித்துக்கொண்டார்.

பெனடிக்ட் படியிறங்கினார். அன்று தேநீர்க் கோப்பையோடு நின்ற மருத்துவர்கள், நோய்கள் எதையும் பேசவில்லை, ஹேமாவதியைத்தான் பேசினார்கள். இதயமே இல்லாத ஒருவர் இத்தனை ஆண்டு எப்படி உயிரோடிருக்கிறார் என்பது மருத்துவத்துக்கே சவால் என்று சுருளிராஜன் முடித்துவைத்தார்.

பின்னர் உறுதியான செய்திகள் வருமாறு.

அம்மாவாசி ஆறாம் நாள் வீடு திரும்பினார். ஞாயிற்றுக்கிழமைத் தாளில் எழுதிய சிவப்பு மை அழிக்கப்படவில்லை. அந்த வகுப்புக்குப் பெனடிக்ட் இன்றுவரை வராதவரே.

திங்களன்று, புதிய வகுப்பொன்றை நடத்த அனுமதி கேட்டுப் பதினொரு பக்க விண்ணப்பம் ஒன்று புள்ளி வழங்கும் அலுவலகத்துக்குப் போனது. அதை நிரப்பியவரும், எடுத்துச் சென்றவரும், கையெழுத்தாகும்வரை அங்கேயே நின்றவரும் ஹேமாவதி.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, தேவதானப்பட்டி கிளினிக்கில் அவ்வகுப்பு நடந்தது. பொருள்: பூச்சிமருந்து நச்சுக்கு முதல் சிகிச்சை. நடத்தியவர், ஓய்வுபெற்ற மருத்துவப் பேராசிரியர் ஹேமாவதி. வந்திருந்தோர், ஒருவர். ஆறே முக்காலுக்கு வலிப்போடு ஒரு குழந்தை தூக்கிவரப்பட்டதால் வகுப்பு பதினான்கு நிமிடம் நிறுத்தப்பட்டது. ஆகவே அது எட்டு மணிக்கு முடியாமல், எட்டு பதினான்குக்கே முடிந்தது. நான்கு கையெழுத்தும் உரிய நேரத்தில் பெறப்பட்டன. எட்டிப் பார்த்த பால்பாண்டி, பதிவு இல்லாதவர் என்பதால் வெளியே அனுப்பப்பட்டார்.

இரண்டு புள்ளி வழங்கப்பட்டது. அன்று பகலே பதிவு புதுப்பிக்கப்பட்டது.

ஒரு வகுப்புக்குக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்று விதிநூலில் எங்கும் சொல்லப்படவில்லை. ஞாயிறு மாலை, பெனடிக்ட் படியிறங்கிய பிறகு, காலி அரங்கில் தனியாக உட்கார்ந்து ஹேமாவதி அந்நூலை மூன்று முறை படித்து அதை உறுதி செய்துகொண்டார்.