பூபாலன் வீட்டு ஃபயர்வால்

மனித குலத்தின் கடைசிச் சுதந்திர வீடு மடிப்பாக்கத்தில் இருந்தது. அது பூபாலனுடையது. மூன்று நாள் அலைந்து, ரிச்சி தெருவில் சல்லிசாகக் கிடைத்த பழைய பில்லிங் கணினியை வாங்கி, வீட்டு இணையத்துக்குக் காவல் நிற்கும் ஃபயர்வாலாக அவனே மாற்றியிருந்தான். அவன் அறியாத எந்தத் தகவலும் இனி வீட்டைத் தாண்டாது.

ஆயுதபூஜைக்கு வந்த அக்கா புருஷன் சற்குணத்திடம் கேட்டான்: "ரவுட்டர் ஓசில தரான்னு, வீட்ல பேசுறதையெல்லாம் கம்பெனிக்காரன் கேக்க விட்டுருக்கீங்களே மச்சான், வெக்கமா இல்ல?"

கணினிக்குச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டுத் திரையைக் காட்டினான். "பாருங்க, விடிகாலைலேருந்து நாப்பத்தோரு தடவை எதுவோ வெளிய போகப் பாத்திருக்கு. ஒண்ணையும் விடலையே!"

"அது சரி மாப்ள, மாமா இன்னும் எந்திரிக்கலையா?"

"லீவு நாள்தானே, தூங்கட்டும்."

அப்பாவின் மார்பில் பொருத்தியிருந்த, இதயத்துடிப்பைக் கவனிக்கும் கருவி ஆஸ்பத்திரியை நாற்பத்தோரு தடவை கூப்பிட்டிருந்தது என்பது பிணத்தை எடுத்த பிறகுதான் தெரிந்தது.

காரியம் முடிந்த வாரம் அம்மாவுக்கும் அதே மாதிரிக் கருவியைப் பொருத்தினார்கள். பூபாலன் பொட்டு அழியாத கணினியைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு ஓசி ரவுட்டரை மாட்டினான். 'வீட்டில் பேசுவதைக் கேட்கலாமா?' என்றது கைபேசித் திரை.

உள்ளே அம்மா அவனைத் திட்டி ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள்.

'சம்மதம்' என்பதை அழுத்தினான்.