வலது கையுறை

எங்கள் ஊர்ச் சின்னக் காட்டில் கையுறை ஏதாவது கீழே கிடந்தால், பார்த்தவர்கள் எடுத்து, காட்டுக்குள் நுழையும் இடத்தில் இருக்கிற கேட் கம்பத்தில் மாட்டிவிடுவார்கள். தொலைத்தவர் அதே வழியாகத் தேடி வருவார் என்று கணக்கு. வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள்.

என் மனைவி பெரில் தன் இடது கையுறையைப் போன குளிர்காலத்தில் இங்கேதான் தொலைத்தாள். கிடைக்கவே இல்லை. பிப்ரவரியில் அவளை அடக்கம் செய்தபோது, மிச்சமிருந்த வலது கையுறையை நானே அவள் கையில் மாட்டிவிட்டேன். கட்டைவிரலில் பச்சை நூல் தையல் போட்டது.

இன்று காலை அது கேட் கம்பத்தில் இருந்தது.

"நான்தான் மாட்டினேன்," என்றாள் நாயோடு வந்த பக்கத்து வீட்டு மொரீன். "நீலமணிப் பூ பூத்திருக்கிற எடத்துல கெடந்துச்சு. யாரோ எதையோ தேடியிருக்காங்க போல, பூவெல்லாம் வெலக்கி விட்டிருக்கு. யாரோடதுன்னு தெரியுமா டெஸ்மண்ட்?"

"தெரியல."

"அப்புறம் ஏன்யா கையில புடிச்சிட்டு நிக்கற? மாட்டிடு. பாவம், தேடிட்டு வருவாங்க."

வீட்டுக்கு எடுத்துப் போக ஆசைதான். எடுத்துவிட்டால் பெரில் வருவதற்குக் காரணமே இருக்காது. திரும்ப மாட்டினேன்.

கேட்டைச் சாத்தாமல் வந்தால் பக்கத்து வயல் ஆடுகள் காட்டுக்குள் புகுந்துவிடும் என்று பெரில் காலமெல்லாம் என்னைத் திட்டியிருக்கிறாள். இன்று வேண்டுமென்றே திறந்து போட்டுவிட்டு, முன்னால் போன மொரீனைப் பின்தொடர்ந்தேன்.

பாதை திரும்புமிடத்தில், பின்னால் கேட்டின் கொண்டி விழுந்தது. எரிச்சலில் பெரில் சாத்தும்போது விழுகிற அதே சத்தம்.